ஐம்பது காசு அகலம்

முப்பத்தோரு வருஷம் கண்ணாடி தூக்கியவன் நான்.
ஜெலுத்தோங் கடைவரிசை, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள்,
கர்னி பக்கம் கடல் பார்க்கும் காண்டோக்களில்
இருபத்தேழாம் மாடி வரைக்கும்.
கைகளில் பதினான்கு தழும்பு.
பாதத்தில் ஒரு கீறல் கிடையாது.

பாதத்துக்கென்று காத்திருந்தது ஒரு தேங்காய்ச் சில்லு.
தைப்பூச ராத்திரி, தண்ணீர்மலைக்குப் போகிற வழியில்
ஊரே உடைத்த தேங்காயில் ஒரு கூர்முனை.
ஏறினேன், கும்பிட்டேன், இறங்கினேன்,
பஸ் பிடித்து வீடு வந்தேன்.
தரையில் சிவப்பாய் என் காலடிகளைப் பார்த்து
மங்கை அலறினாள்.
யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

சர்க்கரை என் வலியைத் தின்றுவிட்டுக்
காலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

சீனப் பெருநாள் போனது, நோன்புப் பெருநாள் போனது.
புண் போகவில்லை.
பழைய ஐம்பது காசு அகலம்,
அடியில் எது என்று தெரியாத ஆழம்.
மஞ்சள் வைத்தேன். பவுடர் வைத்தேன்.
மச்சினன் சொன்னான் என்று பற்பசையும் வைத்தேன்.
வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்,
பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கயிறு பிடித்தவர்,
ஐந்து விரலோடு உள்ளே போய் மூன்றோடு வந்தார்.
"நகம் வெட்டுற நேரம் மிச்சம்" என்றார்.
அன்று நான் சாப்பிடவில்லை.

மிஸ்ஸி ஃபரீதா குனிந்து பார்த்தாள்.
"புண்ணுக்கு வழி மறந்துபோச்சு, அங்கிள்.
சண்டை முடிஞ்சது தெரியாம
உள்ளே ஆளுங்க இன்னும் காவல் நிக்கிறாங்க."
பொட்டலத்தைக் கிழித்தாள்.
வெள்ளையாய், பொசுபொசுவென்று, அச்சு அசல் பஞ்சுமிட்டாய்.
சீனி வியாதிக்காரனுக்கா என்று சிரித்தேன்.
"காச்சா" என்றாள். "கண்ணாடிதான், அங்கிள்."

எனக்குத் தெரிந்த கண்ணாடி
மழைக்குக் கரையாது, மனிதனுக்கு இரங்காது.
இது அவள் விரலில் தலைமுடிபோல வளைந்தது.
பள்ளத்தில் அடைத்தாள். மேலே துணி.
மெல்லக் கரையுமாம். கரையக் கரையச்
சுண்ணாம்புச் சத்தை விட்டுக்கொடுக்குமாம்.
அதைப் பிடித்துக்கொண்டு
புது ரத்தக்குழாய் வருமாம், சதை வருமாம்.

அட, சாரம்!
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி.
கட்டடம் எழும்பும் வரை நிற்கும் சாரம்.
எங்களுடையதை அவிழ்க்க
நாலு வங்காளதேசப் பையன்கள் வேண்டும்.
இது தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும்,
முடிச்சு முடிச்சாக,
கூலி கேட்காமல்.

புதன்கிழமைதோறும் கட்டு மாற்றினாள்.
காலை ஊன்றாதே. தே ஓ கோசோங் குடி.
ஐம்பது காசு இருபதானது.
இருபது, பத்தானது.
பத்தில் எனக்குத் திமிர் வந்தது.
தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு குளியலறைக் கண்ணாடி,
நூற்றைம்பது வெள்ளி,
மங்கைக்குத் தெரியாமல் ஏணி ஏறினேன்.
அடுத்த புதன் மறுபடி இருபது.
மிஸ்ஸி திட்டவில்லை.
காகித அளவுகோலை வைத்தாள், எழுதினாள்,
புதுப் பொட்டலம் ஒன்றைக் கிழித்தாள்.
அந்தக் கிழிகிற சத்தம் போதும், திட்டவே வேண்டாம்.

இப்போது ராத்திரியில் பாதம் பார்க்கிறேன்.
அதற்கென்றே ஒரு துண்டு வெட்டினேன், முகம் பார்க்கிற கண்ணாடியில்.
நாலு முனையும் மூன்று தடவை தேய்த்தேன்.
முட்டிக்குக் கீழே பிடித்துச் சாய்த்தால்
ஐம்பத்தெட்டு வருஷம் என்னைச் சுமந்தது தெரிகிறது:
வெடிப்பு, காய்ப்பு, ஒரு பழைய மச்சம்
(இது எனக்கு இருந்ததே தெரியாது),
நடுவில் ஐந்து காசு அகலத்துக்கு ஒரு குழி,
அதன் ஓரத்தில்
ஜம்புப் பழத்தின் உள்தோல் நிறத்தில் ஒரு கோடு.

நேற்று இரண்டு மணி இருக்கும்.
அந்த ஓரம் அரித்த மாதிரி இருந்தது.
கொசுவோ, போர்வையோ, என் ஆசையோ,
உறுதியாகச் சொல்ல முடியாது.
மங்கையை எழுப்பினேன்.
"அரிக்குது" என்றேன்.
அவள் பேசாமல் விளக்கைப் போட்டு
கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள்.